லினக்ஸில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர்: சிப் எண்ணிலிருந்து இணைப்பு வரை

மாமா பையனின் பழைய லேப்டாப்பில் உள்ளே இருந்த வைஃபை கார்டு செத்துப்போய், இரண்டு வருஷமாக அது பரணில் தூசி தின்றுகொண்டிருந்தது. அதில் லினக்ஸ் மின்ட் 21 போட்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரை வாங்கிச் செருகினேன். வைஃபை பட்டியல் வரவில்லை. டெஸ்க்டாப்பில் ஒரு சிடி படம் வந்து உட்கார்ந்தது. அந்த லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. படத்தைத் திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான செட்டப் கோப்பு ஒன்று. இந்த மர்மம் விளங்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அதில் முக்கால்வாசி நேரம், அடாப்டருக்குள் இல்லவே இல்லாத ஒரு சிப்புக்கு டிரைவர் கம்பைல் செய்துகொண்டிருந்தேன், அதாவது மூல நிரலிலிருந்து டிரைவரை நானே உருவாக்கிக்கொண்டிருந்தேன். கம்பைல் ஆகவும் செய்தது, அதுதான் கொடுமை.

அன்றைக்கு நான் செய்த தவறுகளின் வரிசையைத் திருப்பிப் போட்டால் சரியான வரிசை வந்துவிடும். பெரும்பாலான அடாப்டர்களுக்கு இன்றைய கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் இருக்கிறது. கோளாறு வேறு எங்கோ இருக்கும்: அடாப்டர் இன்னும் சிடி வேஷத்தில் இருக்கும், அல்லது ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல்) இருக்காது, அல்லது கெர்னல் கொஞ்சம் பழசாக இருக்கும். கம்பைல் செய்வது கடைசி வேலை. வலையில் தேடினால் முதலில் கிடைப்பது அதுதான் என்பதால் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். எல்எஸ்யூஎஸ்பி என்றால் எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. எண்களுக்கு நடுவே ஏ, பி, சி, டி, ஈ, எஃப் வந்தால் குழம்ப வேண்டாம், அவையும் எண்ணின் பகுதிதான். உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபெடோராவோ ஆர்ச்சோ வைத்திருப்பவர்களுக்குப் பேக்கேஜ் பெயர்கள்தான் மாறும், யோசனை ஒன்றுதான்.

முதலில் நெட்டுக்கு ஒரு வழி

வைஃபை டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்தச் சிக்கலுக்கு ஆண்ட்ராய்டு போன் போதும். போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி வழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் தனியாக வேண்டாம். கேபிள் வெறும் சார்ஜிங் கேபிளாக இருந்தால் அந்த விருப்பமே மங்கலாகத் தெரியும். கேபிளை மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, பெரும்பாலான போன்களில் போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே டெதரிங் போட்டால் வைஃபை நெட்டே கேபிள் வழியாக வரும், மொபைல் டேட்டா கரையாது. கெர்னல் மாதிரி பெரிய பேக்கேஜ்களை இறக்கும்போது இது உதவும்.

சிப்பைக் கண்டுபிடிப்பது

பெட்டி மேலே எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும் மாடல் எண்ணையும் நம்பாதீர்கள். அடாப்டர் விற்கிற கம்பெனி வேறு, உள்ளே இருக்கும் சிப்பைச் செய்கிறவர் வேறு. ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப் மாறுவதும் சகஜம். இதற்குப் பிரபலமான உதாரணம் டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப், லினக்ஸ்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்8188ஈயூஎஸ். வெளியே பார்த்தால் அதே பெயர், அதே ஆன்டெனா. முதல் பதிப்புக்கு யாரோ எழுதிய புகழுரையைப் படித்துவிட்டு மூன்றாம் பதிப்பை வாங்கி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

நம்ப வேண்டியது யூஎஸ்பி அடையாள எண்ணை மட்டும். அடாப்டரைச் செருகாமல் ஒருமுறை, செருகிய பிறகு ஒருமுறை இதை ஓட்டுங்கள்:

எல்எஸ்யூஎஸ்பி

இரண்டாவது முறை புதிதாக வந்திருக்கும் வரிதான் உங்கள் அடாப்டர். அந்த வரியில் 'ஐடி' என்பதற்குப் பக்கத்தில் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து இருக்கும். முன்பகுதி கம்பெனி, பின்பகுதி பொருள். ரியல்டெக்கின் எண் 0பிடிஏ. 0பிடிஏ:சி811 என்று வந்தால் அது ஆர்டிஎல்8811சியூ சிப். 148எஃப்:7601 என்று வந்தால் மீடியாடெக் எம்டி7601யூ. எண்ணுக்குப் பிறகு வரும் பெயரைப் பாதிதான் நம்ப வேண்டும். அது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டுவது, அடாப்டரைத் திறந்து பார்த்துச் சொல்வதல்ல. நான் கவிழ்ந்தது இங்கேதான்.

புதிய வரியே வரவில்லை என்றால் டிரைவரைப் பற்றிய பேச்சே வேண்டாம். வேறு போர்ட்டில் செருகுங்கள், யூஎஸ்பி ஹப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள். கெர்னல் என்ன முணுமுணுக்கிறது என்று பார்க்க:

சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ

சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ; டிமெஸ்ஜி என்பது டி, எம், ஈ, எஸ், ஜி. இதை ஓடவிட்டுக்கொண்டே அடாப்டரைக் கழற்றிச் செருகினால் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழும். முடித்ததும் கன்ட்ரோல்-சி. 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்' என்று ஆரம்பித்து 'எர்ரர் -71' என்றோ '-110' என்றோ முடிந்தால், யூஎஸ்பி மட்டத்திலேயே பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. போர்ட், கேபிள், மின்சாரம், இல்லையென்றால் அடாப்டரே போய்விட்டது. எந்த டிரைவரும் அதைச் சரி செய்யாது.

சிடி வேஷம்

இப்போது அந்தச் சிடிக்கு வருவோம். மாமா பையனின் லேப்டாப்பில் அடையாள எண் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தது. பக்கத்தில் 'ஆர்டிஎல்8188ஜியூ' என்ற பெயர், கடைசியில் 'டிரைவர் சிடிராம் மோட்' என்று ஒரு குறிப்பு. நான் என்ன செய்தேன்? கடைசிக் குறிப்பைப் படிக்காமல் விட்டு, 8188ஜியூ என்பதைப் பிடித்துக்கொண்டு அதற்கு டிரைவர் தேடப் போனேன். உண்மையில் உள்ளே இருந்தது 8811சியூ. சிடி வேஷத்தில் இருக்கும்போது ரியல்டெக்கின் பல சிப்புகள் இந்த ஒரே எண்ணைத்தான் காட்டும். பட்டியலில் அந்த எண்ணுக்கு எழுதியிருக்கும் பெயர் அவற்றில் ஒன்றின் பெயர்.

எதற்கு இந்த வேஷம் என்றால், விண்டோஸில் செருகியவுடன் டிரைவர் சிடி மாதிரி தோன்றி, அதிலிருந்து டிரைவரை நிறுவிக்கொள்ளட்டும் என்று. நிறுவிய பிறகு விண்டோஸ் டிரைவர் அந்தச் சிடியை 'வெளியே தள்ளு' என்று சொல்லும், உடனே சிப் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபை கார்டாக மறுபடி தோன்றும். லினக்ஸில் அந்த 'வெளியே தள்ளு' என்ற கட்டளையை யாரும் சொல்லாததால் அது சிடியாகவே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் மர்மம்.

எளிய வழி: டெஸ்க்டாப்பில் தெரியும் சிடி படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து 'இஜெக்ட்' கொடுங்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் இதுவே போதும். இரண்டு நொடி கழித்து எல்எஸ்யூஎஸ்பி ஓட்டினால் எண் மாறியிருக்கும். எனக்கு 0பிடிஏ:சி811 என்று மாறியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு.

இஜெக்ட் கேட்கவில்லை என்றால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜை நிறுவி, இதை ஓட்டுங்கள். இதில் கே-யும் டபிள்யூ-வும் பெரிய எழுத்து, கட்டளைப் பெயரில் யூஎஸ்பிக்கும் மோட்ஸ்விட்சுக்கும் நடுவில் இருப்பது அடிக்கோடு:

சூடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கேடபிள்யூ -வி 0பிடிஏ -பி 1ஏ2பி

இதில் கே என்பதுதான் சிடியை வெளியே தள்ளும் கட்டளை. டபிள்யூ நடப்பதை விவரமாகச் சொல்லச் சொல்கிறது. வி-க்குப் பின் கம்பெனி எண், பி-க்குப் பின் பொருள் எண்; இந்தப் பி 'ப்ராடக்ட்' என்பதன் முதல் எழுத்து. ஆனால் ஒவ்வொரு முறை கணினியை ஆன் செய்யும்போதும் இதைச் செய்துகொண்டிருக்க முடியாது. நிரந்தரமாக்க யூடெவ் விதி ஒன்று (ஒரு சாதனத்தைச் செருகியதும் என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரி) எழுத வேண்டும். விதியைச் சுத்தமாக முதலிலிருந்து எழுதாதீர்கள், ஒரு மேற்கோள்குறி தப்பினால் விதி பேசாமல் படுத்துவிடும். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜோடு வந்த விதிக் கோப்பு, 40 என்ற எண்ணில் தொடங்கும் பெயரோடு, /லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி என்ற அடைவில் இருக்கும். அதைத் திறந்தால் ஒரே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான வரிகள்: கம்பெனி எண், பொருள் எண், ஓட்ட வேண்டிய கட்டளை. ஏதாவது ஒரு வரியை நகலெடுத்து /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் புதிய கோப்பொன்றில் ஒட்டி, முதல் எண்ணை 0பிடிஏ என்றும் அடுத்ததை 1ஏ2பி என்றும் மாற்றுங்கள். 'ரன்' என்ற பகுதியில் மேற்கோள்குறிக்குள் இருப்பதை அழித்துவிட்டு, மேலே சொன்ன கட்டளையைச் சூடோவும் டபிள்யூவும் இல்லாமல், முன்னால் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/ என்ற முழுப் பாதையோடு எழுதுங்கள். கோப்புப் பெயர் '.ரூல்ஸ்' என்று முடிய வேண்டும். சேமித்துவிட்டு ரீபூட் செய்தால் அடுத்த முறை சிடி தலைகாட்டாது.

கெர்னலுக்கு இந்தச் சிப் தெரியுமா?

எண் கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு கட்டளை:

யூநேம் -ஆர்

எல்எஸ்யூஎஸ்பி -டி

முதலாவது கெர்னல் பதிப்பைச் சொல்லும். இரண்டாவது (இதில் டி என்பது 'ட்ரீ' என்பதன் முதல் எழுத்து), யூஎஸ்பி மரத்தைக் கிளை கிளையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'டிரைவர்=' என்று காட்டும். இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் முழு வைத்தியமும் அடங்கியிருக்கிறது. ஏதாவது பெயர் இருந்தால் டிரைவர் அடாப்டரைப் பிடித்துவிட்டது, நீங்கள் நேராக ஃபர்ம்வேர் பகுதிக்குப் போகலாம். வெறுமையாகவோ 'நன்' என்றோ இருந்தால் கெர்னலுக்கு இந்தச் சிப் தெரியவில்லை. 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்' என்று இருந்தால் இன்னும் சிடி வேஷம் கலையவில்லை.

எந்தச் சிப் எந்தக் கெர்னலில் வந்தது என்று எனக்கு அடிக்கடி தேவைப்படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். ஏஆர்9271 இருப்பது 2010-லிருந்து, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எம்டி7601யூ 4.2 பதிப்பில், 2015-இல் வந்தது. எம்டி7610யூ, எம்டி7612யூ இரண்டும் 4.19-இல், 2018-இல். ரியல்டெக்கின் 8811சியூ, 8821சியூ, 8812பியூ, 8822பியூ ஆகியவை 2023 பிப்ரவரியில் வெளிவந்த 6.2-இல்தான் உள்ளே வந்தன. இந்த ரியல்டெக் வரிசையின் டிரைவருக்கு ஆர்டிடபிள்யூ88 என்று பெயர்.

இப்போது உங்கள் லினக்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உபுண்டு 22.04-உம் மின்ட் 21-உம் முதலில் வந்தது 5.15 கெர்னலோடு. உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டும் 6.8. டெபியன் 13 வருவது 6.12-உடன். டெபியன் 12 இருக்கிறதே, அது 6.1. ஒரே ஒரு படி குறைவு! டெபியன் 12 வைத்துக்கொண்டு 8811சியூ வாங்கியவர்களின் புலம்பல் எல்லாம் இந்த ஒரு படியால் வந்தது.

இந்த இடத்தில் என் கருத்து தெளிவானது: டிரைவரைக் கம்பைல் செய்வதற்கு முன்னால் கெர்னலை ஏற்றுங்கள். மின்ட்டில் அப்டேட் மேனேஜரைத் திறந்து, 'வியூ' பட்டியலில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்பதைச் சொடுக்கினால் புதிய கெர்னல்கள் வரிசையாக இருக்கும், ஒன்றைத் தேர்ந்து நிறுவுங்கள். உபுண்டு 22.04-இல்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஈ-22.04

டெபியன் 12-இல் பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்புகளைப் பழைய டெபியனுக்குத் தரும்) களஞ்சியத்தைச் சேர்த்து அதிலிருந்து கெர்னலை எடுக்கலாம். புதிய கெர்னல் சரிப்படவில்லை என்றாலும் பழையது எங்கும் போய்விடாது. பூட் ஆகும்போது கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழையதற்கே திரும்பிவிடலாம். கைக்கு வந்த டிரைவரைக் கம்பைல் செய்து மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. மாமா பையனின் மின்ட்டில் 6.8-ஐ நிறுவி ரீபூட் செய்தேன், எல்எஸ்யூஎஸ்பி -டி வரியில் ஆர்டிடபிள்யூ என்று தொடங்கும் பெயர் தானாகவே வந்து நின்றது. கம்பைல் செய்த எதுவும் தேவைப்படவில்லை.

ரியல்டெக் சிப்புகள் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தன என்று கேட்கலாம். கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் மூல நிரல் தனி உலகம்; கெர்னலின் பொதுவான வைஃபை கட்டமைப்பைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு வரும். அப்படியே கெர்னலுக்குள் சேர்க்க மாட்டார்கள். யாராவது உட்கார்ந்து திரும்ப எழுத வேண்டும். அந்த வேலையில் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஒருவர் லாரி ஃபிங்கர். 2024 ஜூனில், எண்பது வயதைத் தாண்டியவராகக் காலமானார். ரியல்டெக் அடாப்டர் ஒன்று செருகியவுடன் வேலை செய்தால் அதில் அவர் கைவண்ணம் கொஞ்சமாவது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபர்ம்வேர்

டிரைவர் பெயர் வந்துவிட்டது, ஆனாலும் வைஃபை இல்லை. டிமெஸ்ஜியில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்' என்று தொடங்கி 'ஃபெயில்ட் வித் எர்ரர் -2' என்று முடியும் வரி இருக்கிறதா பாருங்கள். -2 என்றால் கோப்பு இல்லை என்று அர்த்தம். சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல் /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இல்லை. எந்தக் கோப்பு என்று அந்த வரியே பெயரோடு சொல்லும்.

உபுண்டு, மின்ட் என்றால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜை அப்டேட் செய்தால் வந்துவிடும். டெபியனில் ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்று தனிப் பேக்கேஜ். அது டெபியன் 12-லிருந்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற பகுதியில் இருக்கிறது. பழைய டெபியனிலிருந்து மேம்படுத்திக்கொண்டு வந்தவர்கள் சோர்சஸ் பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்க மறந்திருப்பார்கள், பேக்கேஜே இல்லை என்று ஆப்ட் கைவிரிக்கும். சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்து, நிறுவி, அடாப்டரைக் கழற்றிச் செருகுங்கள்.

எல்லாம் இருந்தும் வைஃபை தெரியவில்லை

ஆர்எஃப்கில் லிஸ்ட்

இதில் 'சாஃப்ட் பிளாக்ட்: எஸ்' என்று இருந்தால் மென்பொருள் மட்டத்தில் அணைந்திருக்கிறது, 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்று கொடுத்தால் திறந்துவிடும். 'ஹார்ட் பிளாக்ட்' என்றால் லேப்டாப்பில் இருக்கும் சுவிட்ச் அல்லது விசைப்பலகைப் பொத்தானின் வேலை. ஏரோபிளேன் மோடை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சோதித்த அனுபவம் எனக்கும் உண்டு.

அடுத்தது:

என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்

அடாப்டரின் பெயர் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி நீளமாக இருக்கும். யூஎஸ்பி அடாப்டர்களுக்கு உபுண்டுவும் டெபியனும் மேக் முகவரியையே (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெயராக வைத்துவிடுகின்றன. மூன்று எழுத்தும் பன்னிரண்டு எழுத்தும் சேர்த்துப் பதினைந்து, லினக்ஸ் இப்பெயருக்குத் தரும் உச்ச நீளமும் அதுவே. அதற்கு நேராக 'அன்மேனேஜ்ட்' என்று இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதைத் தொடக்கூடாது என்று எங்கோ எழுதியிருக்கிறது. டெபியனை அதே அடாப்டர் வழியாக நிறுவியிருந்தால் /ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேஸஸ் கோப்பில் அதன் பெயர் இருக்கும். அந்த வரிகளுக்கு முன்னால் ஒரு ஹாஷ் போட்டு மறைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

பட்டியல் தெரிகிறது, சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், ரவுட்டரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். நெட்வொர்க் மேனேஜர் தேடும்போது பொய்யான மேக் முகவரியைப் பயன்படுத்தும், தனியுரிமைக்காக. சில யூஎஸ்பி அடாப்டர்களுக்கு அந்த முகவரி மாற்றம் ஒத்துக்கொள்ளாது. /ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/ அடைவில் (என்-உம் எம்-உம் பெரிய எழுத்து) நெட்வொர்க்மேனேஜர்.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து, 'டிவைஸ்' என்ற பகுதித் தலைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன் கீழே இதைச் சேருங்கள்:

வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ

வேறு வழியில்லை, கம்பைல்தான்

கெர்னலை ஏற்ற முடியாத நிலை, அல்லது சிப்புக்குக் கெர்னலில் டிரைவரே இல்லை. சரி, இறங்குவோம்.

முதலில் நிறுவ வேண்டியவை: பில்டு-எசென்ஷியல், டிகேஎம்எஸ் (இதன் வேலையைக் கீழே சொல்கிறேன்), கிட், அப்புறம் உங்கள் கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெட்டர்ஸ். ஹெட்டர்ஸ் பதிப்பு யூநேம் -ஆர் காட்டும் பதிப்போடு எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கெர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமல் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் ஓடுவது ஒரு பதிப்பு, ஹெட்டர்ஸ் இன்னொரு பதிப்பு என்று ஆகிவிடும். ஆகவே அப்டேட், ரீபூட், பிறகுதான் இது.

அடுத்து மூல நிரலை எங்கிருந்து எடுப்பது. 8811சியூ, 8821சியூ இரண்டுக்கும் கிட்ஹப்பில் 8821சியூ-20210916 என்ற பெயரில் ஒரு களஞ்சியம் இருக்கிறது. நிறுவுவதற்கு, நீக்குவதற்கு எனத் தனித்தனி ஸ்கிரிப்ட் உண்டு. எந்தச் சிப்பானாலும் களஞ்சியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாக எப்போது நிரல் மாற்றப்பட்டிருக்கிறது, உங்கள் கெர்னல் பதிப்பு ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா, டிகேஎம்எஸ் உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். ஐந்து வருஷமாகக் கை வைக்காத களஞ்சியம் புதிய கெர்னலில் கம்பைல் ஆகாது. கெர்னலின் உட்பகுதிச் செயற்கூறுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். என்டிஸ்ராப்பர் கொண்டு விண்டோஸ் டிரைவரை ஏற்றச் சொல்லும் பழைய குறிப்புகள் கிடைத்தால் அப்படியே கடந்து போய்விடுங்கள்.

களஞ்சியத்தைக் கிட் குளோன் செய்து, அந்த அடைவுக்குள் போய், நிறுவும் ஸ்கிரிப்டைச் சூடோவோடு ஓட்டுங்கள். முடிந்ததும்:

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

உங்கள் கெர்னல் பதிப்புக்கு நேரே 'இன்ஸ்டால்ட்' என்று வர வேண்டும். 'ஆடட்' என்று மட்டும் இருந்தால் கம்பைல் பாதியில் நின்றிருக்கிறது. /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவுக்குள் டிரைவர் பெயர், பதிப்பு, 'பில்டு' என்று இறங்கிப் போனால் மேக்.லாக் என்ற கோப்பு இருக்கும். அதில் கடைசியில் இருக்கும் பிழையை விட்டுவிடுங்கள், முதலில் வந்த பிழையைத் தேடுங்கள். பின்னால் வருவதெல்லாம் முதலாவதின் பிள்ளைகள்.

டிகேஎம்எஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அது இல்லாமல் வெறும் 'மேக் இன்ஸ்டால்' செய்தால் இந்த ஒரு கெர்னலுக்குத்தான் டிரைவர். அடுத்த அப்டேட்டில் கெர்னல் மாறிய அன்று வைஃபை காணாமல் போகும். டிகேஎம்எஸ் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தானாகவே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும்.

கம்பைல் செய்த டிரைவரும் கெர்னலோடு வந்த டிரைவரும் ஒரே அடாப்டருக்கு அடித்துக்கொள்வதும் உண்டு. கெர்னல் 6.2-க்கு மேல் இருந்தால் 8821சியூ என்ற வெளி மாட்யூலும் (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் கோப்பு) ஆர்டிடபிள்யூ88_8821சியூ என்ற உள் மாட்யூலும் ஒரே எண்ணைக் கேட்கும். இரண்டில் ஒன்றைத் தடுத்து வைக்க வேண்டும்: /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பில், 'பிளாக்லிஸ்ட்' என்று எழுதி இடைவெளி விட்டு மாட்யூல் பெயர். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பு எப்போதோ கம்பைல் செய்தவர்கள் கெர்னலை ஏற்றிய பிறகு உள் டிரைவருக்குத் திரும்ப நினைத்தால், அந்தப் பழைய பிளாக்லிஸ்ட் வரி அங்கேயே உட்கார்ந்து மறித்துக்கொண்டிருக்கும். களஞ்சியத்தின் நீக்கும் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, அடைவில் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நான் தவறாகக் கம்பைல் செய்த 8188ஜியூ டிரைவரை இப்படித்தான் துடைத்தெடுத்தேன்.

செக்யூர் பூட்

கம்பைல் வெற்றி, டிகேஎம்எஸ் 'இன்ஸ்டால்ட்' என்கிறது, ஆனால் மாட்ப்ரோப் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) செய்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வருகிறதா? கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடவில்லை. 'மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்' என்று கேட்டால் செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்துள்ள நிரலை மட்டும் ஏற்க விடும் பாதுகாப்பு) ஆனில் இருப்பதை உறுதிப்படுத்தும்.

பயோஸில் போய் அதை அணைத்துவிடச் சொல்வார்கள். தனி லினக்ஸ் என்றால் அதுவும் ஒரு வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன். விண்டோஸும் கூடவே இருந்து, அதில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) ஆனில் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை: அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது மீட்புச் சாவி கேட்கலாம், அது கையில் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

முறையான வழி, மாட்யூலுக்குக் கையெழுத்துப் போடும் சாவியைக் கணினியில் பதிவது. உபுண்டுவில் டிகேஎம்எஸ் டிரைவர் நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்கும், எட்டு எழுத்துக்குக் குறையாமல் கொடுங்கள். ரீபூட் செய்யும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மோக்', அப்புறம் 'கன்டினியூ', அப்புறம் 'எஸ்', பிறகு அந்தப் பாஸ்வேர்டு, கடைசியில் 'ரீபூட்'. இந்த நீலத் திரை கொஞ்ச நொடிதான் காத்திருக்கும்; நீங்கள் டீ எடுக்கப் போனால் அது பாட்டுக்குச் சாதாரணமாகப் பூட் ஆகிவிடும், பதிவு நடக்காது. தவறவிட்டால் உபுண்டுவில் இதை ஓட்டி (கோப்புப் பெயரில் மோக் மட்டும் பெரிய எழுத்து) மறுபடி ரீபூட்:

சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்

டெபியனில் டிகேஎம்எஸ் உருவாக்கும் சாவி /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவில் மோக்.பப் என்ற பெயரில் இருக்கும், அதை இம்போர்ட் செய்யுங்கள். நீலத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில்தான் இயங்கும், ஆகவே பாஸ்வேர்டில் வெறும் எழுத்தும் எண்ணும் வைத்துக்கொள்வது நல்லது.

இணைகிறது, ஆனால் இழுக்கிறது

பத்து நிமிடத்துக்கொரு முறை அறுந்துபோகிறது என்றால் முதல் சந்தேகம் மின்சேமிப்பு. உபுண்டுவில் /ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி அடைவில் பவர்சேவ் என்ற சொல் வரும் கோப்பு ஒன்று இருக்கும், அதில் 'வைஃபை.பவர்சேவ் = 3' என்பதை 2 என்று மாற்றினால் மின்சேமிப்பு அணைந்துவிடும். மூன்று என்றால் ஆன், இரண்டு என்றால் ஆஃப், இந்த எண் கணக்கை யார் வகுத்தார்களோ.

இரண்டாவது சந்தேகம் பலருக்குத் தோன்றாதது. நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அடாப்டரைச் செருகினால், பக்கத்திலேயே ஒரு யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் ஓடினால், அந்த யூஎஸ்பியின் மின்காந்த இரைச்சல் வைஃபையை நேரடியாகப் பாதிக்கும். இன்டெல்லே 2012-இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. மருந்து எளிது: ஓர் அடி, ஒன்றரை அடி நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி அடாப்டரைக் கணினியிலிருந்து தள்ளி வையுங்கள். மாமா பையன் லேப்டாப்பில் இதைச் செய்த பிறகுதான் பக்கத்து அறையிலிருந்து சிக்னல் நிலையாக நின்றது. முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் போனில் தெரிந்து லினக்ஸில் மட்டும் தெரியவில்லை என்றால், முதலில் அடாப்டருக்கே 5 உண்டா பாருங்கள். எம்டி7601யூ, 8188 வரிசை எல்லாம் 2.4 மட்டுமே. உண்டு என்றால் 'ஐடபிள்யூ ரெக் கெட்' ஓட்டிப் பாருங்கள். நாடு 00 என்று காட்டினால் எந்த நாடு என்று தெரியாமல் அடாப்டர் அடக்கி வாசிக்கிறது. 'சூடோ ஐடபிள்யூ ரெக் செட்' என்று எழுதி நாட்டுக் குறியீட்டைப் பெரிய எழுத்தில் கொடுங்கள்: இந்தியா என்றால் ஐஎன், இலங்கை என்றால் எல்கே. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அதன் குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டும். அதிகச் சேனல் கிடைக்கும் என்று வேறு நாட்டைப் போடுவது சட்டப்படி தப்பு, ரவுட்டர் நம் நாட்டு விதிப்படி இயங்கும்போது பலனும் இல்லை.

லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினால் வைஃபை வரவில்லை என்பவர்கள், 'சூடோ மாட்ப்ரோப் -ஆர்' என்று மாட்யூல் பெயரோடு கொடுத்துக் கழற்றி, -ஆர் இல்லாமல் மறுபடி ஏற்றிப் பாருங்கள். வேலை செய்தால் அந்த இரண்டு வரியையும் /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு சிறு ஸ்கிரிப்டாகப் போட்டு, ஓட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் தானாக நடக்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

இன்னும் வாங்கவில்லை என்றால் இவ்வளவையும் தவிர்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் எம்டி7612யூ, வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயூ. இரண்டுக்கும் 6 வரிசைக் கெர்னலில் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. மலிவாக, மெதுவாக, வேலை நடந்தால் போதும் என்றால் எம்டி7601யூ. சிப் பெயரைப் பெட்டியில் போட மாட்டார்கள், ஆன்லைன் விற்பனைப் பக்கத்திலும் அநேகமாக இருக்காது. கீழே வாங்கியவர்கள் எழுதிய கேள்வி-பதில்களில் யாராவது ஒரு லினக்ஸ்காரர் எல்எஸ்யூஎஸ்பி வரியை ஒட்டியிருப்பார், அதைத் தேடுங்கள். அப்படியும் பதிப்பு மாறி வரலாம். பொருள் வந்த அன்றே பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, செருகி, எண்ணைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு பார்த்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதுதான்.